டிர்விட் சாலையிலிருந்து உட்லண்ட்ஸுக்கு: ஓர் உயர்நிலைப்பள்ளிக் கட்டடம் போதாமல் போவது எப்போது?

கிறைஸ்ட் சர்ச் உயர்நிலைப்பள்ளி இன்று சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில், வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிகளுக்கு நடுவில் இயங்குகிறது. அது பிறந்தது லிட்டில் இந்தியாவை ஒட்டிய டார்செட் சாலையில். அங்கே தமிழ் ஆங்கிலிக்கன் கிறிஸ்தவர்கள் கூடி வழிபடும் கிறைஸ்ட் சர்ச் தேவாலயத்தின் அரவணைப்பில் 1952-இல் அந்தப் பள்ளி தொடங்கியது. 1980களில் அதே வட்டாரத்தின் டிர்விட் சாலையில், வேறொரு பள்ளி விட்டுச்சென்ற கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தீவின் வடகோடிக்கு வந்து சேர்ந்தது. ஐம்பது ஆண்டுகளில் மூன்று முகவரிகள்.

டிர்விட் சாலைக் கட்டடத்தை விட்டுச்சென்ற அந்த வேறொரு பள்ளி, விக்டோரியா. 1876-இல் கம்போங் கிளாம் மலாய்ப் பள்ளியில் நடந்த சிறிய ஆங்கில வகுப்பிலிருந்து வளர்ந்த பள்ளி அது. சையது ஆல்வி சாலையில் சில காலம் இருந்துவிட்டு, 1933-இல் டிர்விட் சாலையில் எழுந்த புதுக் கட்டடத்துக்கு வந்தது. சிங்கப்பூரின் மூன்றாம் அதிபர் தேவன் நாயரும் ஆறாம் அதிபர் எஸ். ஆர். நாதனும் அந்தப் பள்ளியில் பயின்றவர்கள். அரை நூற்றாண்டு கழித்து, 1984-இல், விக்டோரியா பள்ளி கேலாங் பாருவுக்குப் போனது. அங்கும் நிலைக்கவில்லை; 2003-இல் சிக்லாப்பில் இன்னொரு புதிய வளாகத்துக்கு மாறியது.

இரண்டு பள்ளிகளின் பயணத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கையில் கவனிக்கத்தக்க ஒன்று தெரிகிறது. விக்டோரியாவுக்குப் போதாமல் போன கட்டடம் கிறைஸ்ட் சர்ச்சுக்கு மேலும் பல ஆண்டுகள் பயன்பட்டது. கிறைஸ்ட் சர்ச்சும் போன பிறகு, 2009 முதல் அதே இடத்தில் மக்கள் கழகத்தின் தலைமையகம் இயங்குகிறது. பழைய பள்ளிக் கட்டடம் இடிபடாமல் அதற்குள் சேர்ந்துகொண்டது. 1933-இல் கட்டிய சுவர் நிற்கிறது. 1984-இல் குடிபுகுந்த வளாகத்தையோ விக்டோரியா இருபது ஆண்டுகள்கூட வைத்துக்கொள்ளவில்லை. ஆகவே பள்ளிக் கட்டடம் எப்போது மாற்றப்பட வேண்டும் என்ற கேள்விக்கு, வாசலில் பொறித்த ஆண்டைப் பார்த்து விடை சொல்ல முடியாது. அதற்குள் இன்று நடக்கும் வேலைக்கு அது இடம் தருகிறதா என்று பார்த்தே சொல்ல முடியும். இரண்டும் பல நேரங்களில் ஒன்றாகவே வருவதால் மக்கள் ஒன்றை மற்றதாக எடுத்துக்கொள்கிறார்கள்.

முதலில் கட்டடத்தின் உடல்நிலை. ஈரமும் வெப்பமும் ஓயாத தீவில் கான்கிரீட் மெதுவாக நோயுறுகிறது. கான்கிரீட்டின் காரத்தன்மைதான் உள்ளிருக்கும் இரும்புக் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு நுண்துளைகள் வழியே ஆண்டுக்கணக்கில் உள்ளே இறங்கும்போது அந்தக் காரம் குறைகிறது. ஈரமும் சேர்ந்தால் கம்பி துருப்பிடிக்கிறது. துரு, இரும்பைவிடக் கூடுதல் இடம் கேட்கும் பொருள். அது உப்பும்போது மேலிருக்கும் கான்கிரீட் பிளந்து, சில்லுச்சில்லாகக் கூரையிலிருந்து உதிர்கிறது. பழைய வீவக வீடுகளில் குளியலறைக் கூரையைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. பள்ளியில் இதே நோய் கழிப்பறைக்குக் கீழுள்ள தளத்திலும், மழைச்சாரல் படும் நடைவழி ஓரங்களிலும் முதலில் தெரியும். சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,100 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஒருபுறம் திறந்த நடைவழிகளை நம்பிக் கட்டிய பள்ளிகள் அந்த மழையில் ஒரு பங்கைத் தம் மேலேயே வாங்கிக்கொள்கின்றன.

வெளியே தெரியும் இந்த நோயைவிட அஞ்ச வேண்டியது வெளியே தெரியாதது. அதைச் சிங்கப்பூருக்குக் கற்பித்த இடம் சிராங்கூன் சாலை. 1986 மார்ச் 15 அன்று, ஓவன் சாலை சந்திப்புக்கு அருகில், ஹோட்டல் நியூ வோர்ல்ட் இருந்த ஆறு மாடிக் கட்டடம் ஒரு நிமிடத்துக்குள் நொறுங்கி விழுந்தது. 33 பேர் மாண்டார்கள். 17 பேர் இடிபாடுகளிலிருந்து உயிருடன் மீட்கப்பட்டார்கள். அந்தக் கட்டடத்துக்கு வயது பதினைந்துதான். கட்டடம் தன் சொந்த எடையைத் தாங்க வேண்டும் என்ற அடிப்படைக் கணக்கே வடிவமைப்பில் விடுபட்டிருந்ததை விசாரணை வெளிக்கொணர்ந்தது. 1989-இல் வந்த கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியிருப்பல்லாத கட்டடங்களை ஐந்தாண்டுக்கு ஒருமுறையும் குடியிருப்புகளைப் பத்தாண்டுக்கு ஒருமுறையும் பொறியாளர் ஆய்வு செய்யும் முறையைக் கட்டாயமாக்கியது. கட்டடம் பழையதா புதியதா என்று பார்க்காமல், அதைத் தவறாமல் சோதித்துப் பார்க்கும் பழக்கம் அந்த இடிபாடுகளிலிருந்து பிறந்தது.

அந்தப் பழக்கம் இருக்கும் ஊரில் பழைய பள்ளி பெரும்பாலும் ஆபத்தானதாக இருப்பதில்லை, வசதியற்றதாக இருக்கிறது. அந்தப் பழக்கம் இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதைத் தமிழ்நாடு இரண்டு முறை கண்டது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சத்துணவுச் சமையலறையில் பற்றிய தீ கீற்றுக்கூரைக்குத் தாவி, மேல்மாடி வகுப்புகளில் நெருக்கி உட்கார்ந்திருந்த பிள்ளைகளைச் சூழ்ந்தது. 94 குழந்தைகள் இறந்தார்கள். ஒரே கட்டடத்துக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகள் நடந்துகொண்டிருந்தன. வெளியேறும் வழி குறுகியது. நீதிபதி சம்பத் ஆணையம் அதை விசாரித்தது. பள்ளிகளின் கீற்றுக்கூரைகள் அகற்றப்பட்டன. 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தபோது, மாநிலமெங்கும் பழுதான பள்ளிக் கட்டடங்களைக் கண்டறிந்து இடிக்கும் வேலை தொடங்கியது. அடுத்த ஆண்டின் நிதிநிலை அறிக்கையில் பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் வந்தது; அரசுப் பள்ளிகளுக்கு ஐந்தாண்டுகளில் 7,000 கோடி ரூபாய்ச் செலவில் புதிய வகுப்பறைகளும் பிற வசதிகளும் என்பது அதன் அறிவிப்பு. கும்பகோணத்துப் பிள்ளைகளுக்கு எமனானவை நெரிசலும் குறுகிய படிக்கட்டும் கூரையும். அந்தச் சுவர்களின் வயது அங்கே ஒரு காரணமே அல்ல. இந்த வேறுபாடு மறக்கப்படக் கூடாதது. வெள்ளையடித்துப் புதிதாகத் தெரியும் கட்டடத்திலும் நெரிசல் கொல்லும்.

சிங்கப்பூர்ப் பள்ளிகளில் நெரிசல் வேறு உருவம் எடுத்தது. போருக்குப் பின் பிள்ளைகள் பெருகினார்கள். கட்டடங்கள் அந்த வேகத்தில் பெருகவில்லை. ஒரே கட்டடத்தை ஒரே நாளில் இரண்டு முறை பயன்படுத்துவது 1950களிலிருந்து வழக்கமானது. காலைப் பள்ளி, மத்தியானப் பள்ளி என்ற சொற்கள் பல தலைமுறைத் தமிழ்க் குடும்பங்களின் வீட்டுப் பேச்சில் கலந்தவை. அண்ணன் காலையில் போய் நண்பகல் தாண்டித் திரும்புவான்; அவன் எழுந்த நாற்காலியில் தம்பியோ அடுத்த வீட்டுப் பிள்ளையோ மாலை வரை உட்கார்ந்திருப்பார்கள். பல உயர்நிலைப்பள்ளிகளில் மேல்வகுப்புகள் காலையிலும் கீழ்வகுப்புகள் பிற்பகலிலும் நடந்தன.

கணக்கில் இது சாமர்த்தியம். ஒரு கட்டடத்தின் விலையில் இரண்டு பள்ளிகள் கிடைத்தன. படிக்க இடமின்றித் தெருவில் நின்றிருக்கக்கூடிய பிள்ளைகள் படித்தார்கள். அந்தத் தலைமுறையின் நெருக்கடிக்கு அது சரியான முடிவுதான், அதைக் குறைசொல்ல இடமில்லை. ஆனால் அதன் விலையும் பெரியது. காலைப் பள்ளி முடிந்ததும் இடத்தைக் காலிசெய்ய வேண்டியதால், பின்தங்கிய மாணவனை ஆசிரியர் நிறுத்திவைத்துச் சொல்லிக்கொடுக்க அறை இல்லை. இணைப்பாட நடவடிக்கைகளுக்குத் திடல் இருக்கும். மழை வந்தால் ஒதுங்க மண்டபம் இருக்காது, அங்கே மற்ற வேளையின் வகுப்பு நடக்கும். சுவரில் ஒட்டிய மாணவர் படைப்பு மறுநாள் காலை இருக்குமா என்பதும் உறுதியில்லை, ஏனெனில் அந்தச் சுவர் இரண்டு வகுப்புக்குச் சொந்தம். உச்சி வெயிலில் சீருடையோடு பள்ளிக்கு நடந்த பிள்ளை முதல் பாடத்திலேயே சோர்ந்திருப்பான். உயர்நிலைப்பள்ளிகள் 1990களில் ஒரேவேளைப் பள்ளிகளாக மாறத் தொடங்கின; தொடக்கப்பள்ளிகள் அனைத்தும் 2016-க்குள் மாற வேண்டும் என்று 2009-இல் முடிவானது. ஒரேவேளைப் பள்ளி என்ற ஒரே ஒரு தீர்மானம், அதுவரை போதுமானவை என்று கருதப்பட்ட எத்தனையோ கட்டடங்களை ஒரே இரவில் பாதியாக்கிவிட்டது. செங்கல் ஒன்றுகூடப் பெயரவில்லை. ஆனால் எல்லா மாணவரும் ஒரே நேரத்தில் உட்கார இரண்டு மடங்கு வகுப்பறை வேண்டியதாயிற்று.

பாடத்திட்டம் மாறும்போதும் இதுவே நடக்கிறது. 1997-இல் கல்வி அமைச்சு தகவல் தொழில்நுட்பப் பெருந்திட்டத்தை வெளியிட்டது. ஐந்தாண்டுகளில் இரண்டு பில்லியன் வெள்ளி செலவு, இரண்டு மாணவருக்கு ஒரு கணினி, பாடநேரத்தில் 30 விழுக்காடு கணினி வழியே என்பவை அதன் இலக்குகள். மின்விசிறியையும் குழல்விளக்கையும் மட்டும் மனத்தில் வைத்து மின்கம்பி இழுத்த பள்ளிக்கு அது எளிதான காரியம் அல்ல. மின்சாரக் கொள்ளளவு கூட்ட வேண்டும், கணினி அறைக்குக் குளிர்சாதனம் வேண்டும், கம்பிவடங்கள் போக வழி வேண்டும், இத்தனைக்கும் முதலில் அறைகள் வேண்டும். பல பழைய பள்ளிகளின் முன் அப்போது நின்ற கேள்வி, எந்த அறையைப் பறிப்பது என்பதுதான்: இசை அறையா, நூலகத்தின் ஒரு பகுதியா, ஆசிரியர் ஓய்வறையா?

2024-இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களிலிருந்து விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவுகள் இல்லை. முழுமையான பாட அடிப்படையிலான வகைப்பாட்டின்கீழ், பலவகைத் திறன்களுடைய மாணவர்கள் ஒரே வகுப்பில் இருந்துகொண்டு, ஆங்கிலம், கணிதம், அறிவியல் போன்ற பாடங்களை ஜி1, ஜி2, ஜி3 என்ற நிலைகளில் தனித்தனியே படிக்கிறார்கள். கல்வியில் இது நெடுநாள் காத்திருந்த மாற்றம். ஒரு பிள்ளையைப் பன்னிரண்டு வயதில் ஒரே பெட்டிக்குள் போட்டு மூடும் வழக்கத்தை அது தளர்த்தியிருக்கிறது. கட்டடத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால், ஒரு வகுப்பு ஆண்டு முழுவதும் ஓர் அறையில் உட்கார்ந்திருக்க ஆசிரியர்கள் மட்டும் வந்துபோகும் காலம் முடிந்துவிட்டது. பாடவேளை மாறும் ஒவ்வொரு முறையும் நூற்றுக்கணக்கானோர் நடைவழியிலும் படிக்கட்டிலும் நகர்கிறார்கள். இரண்டு பேர் அருகருகே நடக்க மட்டும் அகலமுள்ள படிக்கட்டில் அந்த நகர்வு பாடநேரத்தைத் தின்றுவிடும்.

இந்த நகர்வைத் தமிழ் மாணவர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். தாய்மொழிப் பாடவேளை வந்தால் வகுப்பு கலையும். சீனம், மலாய், தமிழ் என்று பிள்ளைகள் வேறு வேறு அறைக்குப் போவார்கள். எடுத்துக்காட்டாக, ஒரு நிலையில் நாற்பது நாற்பது பேராக எட்டு வகுப்புகள், எட்டு அறைகள் என்று வைத்துக்கொள்ளலாம். 320 பேரில் தமிழ் படிப்பவர் 24 பேர், மலாய் படிப்பவர் 70 பேர், மற்றவர் சீனம். மொழி வகுப்பு ஒவ்வொன்றும் நாற்பது பேருடன் நிரம்பினால்கூடத் தமிழுக்கு ஓர் அறை, மலாய்க்கு இரண்டு, சீனத்துக்கு ஆறு, கூட்டினால் ஒன்பது. உயர்தமிழ் படிப்பவரைத் தனியே பிரித்தால் பத்து. எட்டு அறைகளுக்குள் இருந்த பிள்ளைகள் மொழியின் பொருட்டுப் பிரிந்த உடனே பத்து அறைகள் கேட்கிறார்கள். மிஞ்சிய இரண்டு அறைகளை நெரிசலான பள்ளி எங்கே கண்டுபிடிக்கும்?

எண்ணிக்கையில் மிகச் சிறிய குழு எதுவோ, அதைத்தான் நகர்த்துவது எளிது. பன்னிரண்டு பேர் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம் என்று கால அட்டவணை போடுபவருக்குத் தோன்றுவது இயல்பு. அதில் எவருடைய தீய எண்ணமும் தேவையில்லை. ஆனால் ‘எங்கே வேண்டுமானாலும்’ என்பது கேன்டீன் மேசையாகவோ, சாமான் அடுக்கிய அறையாகவோ, நடைவழி முனையாகவோ முடிகிறது. கரும்பலகையும் கதவும் இல்லாத இடத்தில் நடக்கும் பாடத்தைப் பற்றி அந்தப் பிள்ளை என்ன முடிவுக்கு வருவான் என்பதை எந்த மதிப்பெண்ணும் அளப்பதில்லை. ஒரு பள்ளிக்கு இடம் போதுமா என்று அளக்க விரும்புபவர் மொத்த மாணவரை மொத்த அறைகளால் வகுத்துப் பார்ப்பதை விட்டுவிட்டு, தாய்மொழிப் பாடவேளையில் தமிழ் வகுப்பு எங்கே நடக்கிறது என்று போய்ப் பார்க்கலாம். சராசரி எண் மறைப்பதை அந்த ஓர் அறை காட்டிவிடும். சக்கர நாற்காலியில் வரும் மாணவரும் அதுபோன்ற ஓர் அளவுகோல்தான். தடையற்ற வசதிகளுக்கான விதிமுறை சிங்கப்பூரில் 1990-இல் வந்தது. அதற்கு முன் கட்டிய நான்கு மாடிப் பள்ளிகள் பலவற்றில் மின்தூக்கி இருந்ததில்லை. அறிவியல் ஆய்வுக்கூடம் மூன்றாம் மாடியில் இருந்தால், அந்த மாணவருக்கு அறிவியலே மூன்றாம் மாடியில் இருக்கிறது.

தேவை உறுதியான பிறகு செய்யத்தக்கவை பழுதுபார்ப்பு, அதே இடத்தில் இடித்துக் கட்டுதல், வேறிடம் போதல். சிங்கப்பூர் இவை மூன்றையும் ஒரே திட்டத்தின்கீழ்க் கொண்டுவந்தது. 1999-இல் தொடங்கிய அந்தத் திட்டத்துக்குப் பெயர் பிரைம்; இருக்கும் பள்ளிகளை மறுபடி கட்டுவதும் மேம்படுத்துவதும் அதன் வேலை. புதிய நகரங்களில் எழும் புத்தம்புதுப் பள்ளிகளுக்கும் பழைய வட்டாரத்துப் பள்ளிகளுக்கும் இடையே வசதியில் விழுந்த பள்ளத்தை நிரப்புவது அதன் நோக்கம். கணினிக் கூடங்கள், பெரிய ஆசிரியர் அறை, இணைப்பாட நடவடிக்கைகளுக்கான இடங்கள் ஆகியவை பழைய பள்ளிகளுக்கும் கிடைத்தன. பள்ளிக்குப் பள்ளி ஆண்டு விழாவில் உண்டியல் குலுக்கி நிதி திரட்டும் நிலை வந்திருந்தால், பழைய மாணவர்களில் செல்வர் மிகுந்த பள்ளிகள் மட்டும் புதுக் கட்டடம் பெற்றிருக்கும். நாடு முழுவதற்கும் வரிசை வகுத்து, வரிப்பணத்தில் செய்ததுதான் இந்தத் திட்டத்தின் பெருமை.

அதே இடத்தில் இடித்துக் கட்டும்போது ஒரு பள்ளி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வேறு இடத்தில் குடியிருக்கும். காலியாகிக் கிடக்கும் வேறொரு பழைய பள்ளிதான் பெரும்பாலும் அந்தத் தற்காலிக வளாகம். இந்த ஏற்பாட்டின் சுமை பெரும்பாலும் மாணவர்மேல் விழுகிறது. உயர்நிலை மூன்றில் இடம்பெயரும் ஒரு மாணவர் உயர்நிலை நான்கில் சாதாரணநிலைத் தேர்வையும் தற்காலிக இடத்திலேயே எழுதிவிட்டுப் போய்விடுவார். புதுக் கட்டடத்தில் ஒரு நாளும் உட்கார மாட்டார். பேருந்து மாறிப் போகும் நேரம், ஓட்டப்பந்தயத் தடம் இல்லாத திடல், பழகாத ஆய்வுக்கூடம் எல்லாம் அவர் பங்கு. பலன் அடுத்து வருபவர்களுக்கு. இதனால் இடித்துக் கட்டக் கூடாது என்று ஆகாது. ஆனால் அந்த இரண்டு ஆண்டு மாணவர்களுக்குத் தனிப் பேருந்து, கூடுதல் ஆசிரியர் நேரம், தேர்வு ஆண்டில் இடமாற்றத்தைத் தவிர்க்கும் அட்டவணை ஆகியவை கட்டுமானச் செலவின் பகுதியாகவே எண்ணப்பட வேண்டியவை.

மூன்றாவது வழியான இடமாற்றம்தான் உட்லண்ட்ஸின் முகத்தை வரைந்தது. 1924-இல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட ஜொகூர் கடற்பாலத்தின் இந்தப் பக்கத்து முனையாகவே அந்த ஊர் நெடுங்காலம் அறியப்பட்டது. பின்னர் வீவக அங்கே புதுநகரம் எழுப்பியது; 1996-இல் பெருவிரைவு ரயில் வந்தது. இன்று அங்கே ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் வாழ்கிறார்கள். அதே காலத்தில் நகரின் நடுவில் கடைவீடுகளின் மாடிகளில் நெருக்கி வாழ்ந்த குடும்பங்கள் கலைந்தன. சிராங்கூன் சாலைக்கு வார இறுதியில் மளிகை வாங்கவும் கோயிலுக்கும் வருகிற குடும்பத்தின் பிள்ளைகள் வார நாள்களில் ஈசூனிலும் உட்லண்ட்ஸிலும் ஜூரோங்கிலும் இருந்தார்கள். பள்ளிக்கட்டடம் ஓரிடத்திலும் பிள்ளைகள் வேறிடத்திலும் இருந்தால், பிள்ளைகள் ஊர் குறுக்கே பேருந்தில் அலைய வேண்டும், அல்லது பள்ளி நகர வேண்டும். கிறைஸ்ட் சர்ச்சின் இடமாற்றத்தை இந்தப் பெரும் நகர்வோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

புதிய நிலம் கிடைத்தபோது, கற்பிக்கும் முறைக்கேற்பக் கட்டடம் எழுப்பும் வாய்ப்பும் கிடைத்தது. சிங்கப்பூர் அமெரிக்கப் பள்ளி 1996-இல் உட்லண்ட்ஸுக்கு வந்தது. 2004-இல் சிங்கப்பூர் விளையாட்டுப் பள்ளி அங்கே திறந்தது. நீச்சல்குளத்தையும் ஓட்டத் தடத்தையும் விடுதியையும் மையமாக வைத்து எழுந்த பள்ளி அது. 2006-இல் ரிபப்ளிக் பலதுறைத் தொழிற்கல்லூரி வந்தது. ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ஃபுமிஹிக்கோ மாக்கி வடிவமைத்த அந்த வளாகத்தில், ஒரு நாளைக்கு ஒரு சிக்கலைச் சிறு குழுக்களாக ஆராயும் கற்பித்தல் முறைக்கேற்ற சிறு வகுப்பறைகள் முதன்மை பெற்றன; நூற்றுக்கணக்கானோர் கேட்டுக்கொண்டு உட்காரும் விரிவுரை மண்டபம் அங்கே நடுநாயகம் அல்ல. 2014-இல் வந்த ஸ்பெக்ட்ரா உயர்நிலைப்பள்ளி, வழக்கநிலை தொழில்நுட்பப் பிரிவு மாணவருக்காகவே தொடங்கியது. செய்முறைத் தொழில்பயிற்சிக்கான இடங்கள் அதன் அடிப்படைத் தேவை. பழைய டிர்விட் சாலைக் கட்டடத்தை எத்தனை கோடி கொட்டி மேம்படுத்தினாலும் இவற்றில் ஒன்றாக மாற்றியிருக்க முடியாது. அந்தக் கட்டடத்தின் குறை அல்ல இது. 1933-இல் பள்ளி என்றால் வரிசையாக அறைகள், ஒரு மண்டபம், ஒரு திடல் என்பதே பொருள்.

ஆனால் நிரம்பி வழிந்த ஊர் வடியவும் செய்கிறது. 2005-இல் உட்லண்ட்ஸில் இன்னோவா தொடக்கக்கல்லூரி தொடங்கியது. பிறப்பு விகிதம் சரிந்துகொண்டே வந்ததால் மாணவர் எண்ணிக்கை குறைந்து, 2019-இல் அது ஈசூன் தொடக்கக்கல்லூரியுடன் இணைந்து ஈசூனுக்குப் போய்விட்டது. பதினான்கே வயதான வளாகம். விரிசல் எதுவும் விரட்டவில்லை, பிள்ளைகள் போதவில்லை. 2023-இல் சிங்கப்பூரின் மொத்தக் கருவள விகிதம் 0.97-க்கு இறங்கியது. நெரிசல் இன்று இருப்பது உண்மையாக இருக்கும்போதே, இன்னும் பதினைந்து ஆண்டில் அதே ஊரில் எத்தனை பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் இருப்பார்கள் என்று கேட்காமல் அறுபது ஆண்டுக் கட்டடம் எழுப்புவது சரியாகாது. அப்படிக் கேட்பதற்குப் பொருள், இன்று படிக்கும் பிள்ளையை நெரிசலில் காக்க வைப்பது அல்ல. நகர்த்தக்கூடிய தடுப்புகளோடு பெரிதாகவும் சிறிதாகவும் மாறும் வகுப்பறைகள், பள்ளிநேரம் போக அக்கம்பக்கத்தார் பயன்படுத்தும் உள்ளரங்க விளையாட்டுக்கூடம், பிற்காலத்தில் வேறு பணிக்கு மாற்றத்தக்க தளங்கள் என்று கட்டடத்தையே வளைந்துகொடுக்கும்படி அமைப்பதுதான் அந்தக் கேள்விக்கு உகந்த விடை. டிர்விட் சாலைக் கட்டடம் இரண்டு முறை ஆள் மாற்றிக்கொண்டதே, அப்படிச் செய்ய முடியும் என்பதற்குச் சான்று.

பள்ளி வடிவதன் வலியைத் தமிழர்கள் மற்றவர்களுக்கு முன்பே பட்டார்கள். சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946-இல் உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியைத் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் தொடங்கியது. 1960-இல் அது உயர்நிலைப்பள்ளியாக வளர்ந்தது. சிங்கப்பூரில் தமிழையே பயிற்றுமொழியாகக் கொண்ட ஒரே உயர்நிலைப்பள்ளி அது. துறைமுகத்திலும் கடைகளிலும் உழைத்த குடும்பங்களின் பிள்ளைகள், தங்கள் மொழியிலேயே அறிவியலும் கணக்கும் படித்த இடம். பெற்றோர் ஆங்கிலப் பள்ளிகளை நாடத் தொடங்கியதும் சேர்க்கை ஆண்டுதோறும் சுருங்கியது. 1982-இல் பள்ளி மூடப்பட்டது. நெரிசலைப் பற்றிப் பேசும்போது அந்தக் காலி அறைகளையும் நினைக்க வேண்டியிருக்கிறது. இடமின்றித் தவிக்கும் பள்ளிக்கு ஒரு கட்டடம் தந்தால் போதும். பிள்ளைகள் வராத பள்ளிக்கு எந்தக் கொத்தனாரும் உதவ முடியாது.

பெயர் மட்டும் அழியவில்லை. 1983-இல் உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையம் உருவானது. இப்போது அது பீட்டி சாலையில், பழைய டிர்விட் சாலைப் பள்ளிக் கட்டடத்திலிருந்து நடந்துபோகும் தொலைவில் இருக்கிறது. தங்கள் பள்ளியில் தமிழ் வகுப்பு நடக்காத உயர்நிலை மாணவர்கள் பள்ளிநேரம் முடிந்ததும் வெவ்வேறு சீருடைகளில் அங்கே வருகிறார்கள். கதவும் பலகையும் உள்ள வகுப்பறையில் அவர்களுக்குத் தமிழ்ப் பாடம் நடக்கிறது.